தொரையின் கேள்வியும் ரதியின் காப்பும்

உங்கள் மேசையில் அகராதி இருக்கிறதா? அதைக் கொஞ்சம் மூடி வையுங்கள். புதிதாக எழுத்து வேலைக்கு வந்திருக்கிற தம்பி தங்கச்சிமார் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "ஐயா, ஒரு காரியம் வேணும்னு இங்கிலீசுல எழுத இத்தன சொல் இருக்கே, எத எங்க போடறது?" அகராதி இம்பார்ட்டன்ட் என்றால் முக்கியம் என்று சொல்லும். எசென்ஷியல் என்றாலும் முக்கியம் என்று சொல்லும். வைட்டல் என்றாலும் அதே முக்கியந்தான். அப்புறம் நீங்கள் எதைத் தொட்டாலும் முக்கியம், உங்கள் தலைவலியும் முக்கியம்! எனக்கு இதைக் கற்றுத் தந்தது அகராதி இல்லை. இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸும், அங்கே இருந்த ஒரு பிடிவாதக்காரத் தொரையும், சேலை கட்டிய ஒரு இஞ்சின்காரரும்.

ஐம்பதுகளின் நடுவில் நான் அந்த ஆபீஸுக்குப் பெரிய கிளாக்கராகப் போனேன். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு மகா உபகாரி. லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஜனங்கள் என்ன கேட்டு வந்தாலும் முகம் கோணாமல் எழுதிக் கொடுப்பார். ஒரே குறை, எல்லாவற்றுக்கும் 'மோஸ்ட் அர்ஜென்ட்' என்று போடுவார். தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவுக்குக் கூரைத் தகரம், மோஸ்ட் அர்ஜென்ட். ஆபீஸுக்கு மைப்புட்டி, மோஸ்ட் அர்ஜென்ட். ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் எலி பிடிக்க ஒரு பூனை, அதுவும் மோஸ்ட் அர்ஜென்ட். பழைய தொரை எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார், அல்லது படிக்காமல் குப்பையில் போட்டார். இருவருக்கும் சௌகரியமாக இருந்தது.

நான் போன அதே மாதம் புதுத் தொரை வந்தார். பட்டாளத்தில் இருந்தவர். காதில் எப்போதும் ஒரு நீலப் பென்சில். வந்த முதல் வாரத்திலேயே என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதக் கட்டைத் தூக்கி மேசையில் போட்டார்.

"கிளாக்கர், பூனையும் அவசரம், கூரையும் அவசரம் என்கிறீர். எது முதலில்?"

"சார், இதை எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்."

"அவர் இல்லாமல் தோட்டம் நடக்கிறதா?"

"நடக்கிறது சார்."

"நல்லது. இனி இந்த ஆபீஸில் 'அர்ஜென்ட்' என்று எழுதுகிறவர் அவரைப் பின்தொடரலாம்."

அத்தோடு விட்டாரா? ஒரு கோரிக்கைக்கு ஒரே ஒரு சொல்தான் போட வேண்டும், அந்தச் சொல்லை அவர் குறுக்கு விசாரணை செய்வார், தப்பினால்தான் கையெழுத்து என்று சட்டம் போட்டுவிட்டார். நான் வெளியே வந்து ஒரு கோப்பை பால் விடாத சாயத்தண்ணியை மடமடவென்று குடித்தேன். சனியனை விலைக்கு வாங்கி வந்துவிட்டோமே என்றுதான் இருந்தது.

பிள்ளைக்காம்பராக் கூரைக்கு முதலில் 'இம்பார்ட்டன்ட்' என்று எழுதிப் போனேன். "யாருக்கு?" என்றார். பிள்ளைகளுக்கு என்றேன். "அவர்கள் உம்மிடம் வந்து சொன்னார்களா?" என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினார். மறுநாள் 'நெசசரி' என்று எழுதினேன். "எதற்கு?" என்றார். "மழை ஒழுகினால் தாய்மார் பிள்ளையை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க வர மாட்டார்கள் சார்" என்றேன். நீலப் பென்சில் இறங்கியது, தகரம் வந்தது. அன்றைக்குத்தான் ஒன்று விளங்கியது. இம்பார்ட்டன்ட் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் யாருக்கு என்று கேட்பார். நெசசரி என்றால் எதற்கு என்று கேட்பார். யாருக்கு என்ற கேள்விக்குப் பதில் சொன்னாலும் அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம். எதற்கு என்பதற்கு ஒழுங்கான பதில் இருந்தால் தப்பவே முடியாது.

வைட்டல் என்ற சொல்லின் மேல் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற எங்கள் டீமேக்கருக்கு ஒரு மோகம். ஸ்டாஃப் கிளப்புக்குப் பூப்பந்து வலை வேண்டும், வைட்டல் என்று போடு என்று என் உயிரை எடுத்தார். பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று போட்டுவிட்டேன். அன்று மாலை தொரை தோட்டத்துக்கு மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரை ஊசிப் பெட்டியோடு அழைத்துக்கொண்டு கிளப்புக்கே வந்துவிட்டார். "உயிர் போகிற விஷயம் என்று எழுதியிருந்தது. உங்களில் யார் சாகக் கிடக்கிறீர்கள்?" டீமேக்கர் மட்டையைச் சட்டைக்குள் ஒளிக்கப் பார்த்தார். பூப்பந்து மட்டையை எந்தச் சட்டையில் ஒளிப்பது! வலை வரவில்லை. ஆனால் அந்தச் சொல்லை உயிருக்கு மட்டும் எடுத்து வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் புத்தி வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அது மாசி மாதம். எங்கள் பக்கத்தில் தேயிலைக்கு மணம் ஏறுகிற காலம், அப்போது ஸ்டோர் இஞ்சின் நின்றால் தொரைமாருக்கு மூச்சே நின்றுபோகும். மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் நின்றே போய்விட்டது. அங்கத்துத் தொரை எங்கள் தொரைக்குச் சிநேகிதர். எங்கள் இஞ்சின்காரர் முத்தையாவைப் பத்துப் பதினைந்து நாள் அங்கேயே தங்கி வேலை பார்க்க அனுப்பும்படி கேட்டிருந்தார். எங்கள் தொரை சரி என்றுவிட்டார்.

அதே மாசியில்தான் காமன் கூத்தும் நடக்கும். சிவபெருமான் மன்மதனை எரித்துவிட, ரதி அழுது புரண்டு புருஷனை உயிரோடு மீட்கிற கதை. பிறை கண்டு காமன் பொட்டலில் கம்பம் நட்டுக் காப்புக் கட்டினால், பௌர்ணமியில் எரிக்கிற வரைக்கும் லயத்தில் வேறு பேச்சு இருக்காது. எங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் யாருக்கு? அதே முத்தையாவுக்கு! கரி பூசிய கையோடு இஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிடக்கிற மனுஷன், சேலையைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி எடுத்தால் கல்லும் கரையும்.

தொரையின் உத்தரவு வந்த அன்று மத்தியானம் அவர் மனைவி செல்லம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். ஆறு மாத வயிறு. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டான பிள்ளை.

"கிளாக்கரையா, தொரைகிட்ட சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர அனுப்பக் கூடாதுங்க."

"என்னம்மா இப்படிச் சொல்ற? அங்க இஞ்சின் நின்னு போச்சு. பறிச்ச கொழுந்தெல்லாம் வீணாப் போவுது."

"கொழுந்து போனா அடுத்த வாரம் துளிர்க்குமுங்க. எனக்கு?" என்று வயிற்றில் கை வைத்தாள். "மூணு வருசம் ரதி கட்டுறேன்னு அவரு நேந்துக்கிட்டாரு. ரெண்டு வருசம் கட்டி முடிச்சாரு, சாமி கண்ணத் தொறந்துருச்சு. இது மூணாவது வருசம். இப்பப் போயி கொற வைக்கச் சொல்றீங்களா?"

எழுதத் தாளை எடுத்தேன். எந்தச் சொல்லைப் போடுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்.

"இங்கிலீசுல வேணும்னு சொல்றதுக்கு எத்தன வார்த்தைங்க இருக்கு?"

"ஏழெட்டு இருக்கும்மா."

"அப்ப அந்த ஏழெட்டையும் சேத்துச் சொல்லிப்புடுங்க!"

ஏழெட்டையும் போட முடியாதே. இருப்பதிலேயே கனமான ஒன்றைத் தூக்கினேன். இண்டிஸ்பென்சபிள். ரதி வேஷத்துக்கு இந்த ஆள் இல்லாமல் ஆகவே ஆகாது. எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது.

தொரை படித்தார். நிமிர்ந்தார். கண்ணில் ஒரு குறும்பு.

"ஆகவே ஆகாதா? உலகத்தில் அப்படி ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை, கிளாக்கர். இவருக்கு அடுத்த ஆளைக் கூட்டி வாரும். நானே பார்க்கிறேன்."

வம்பை விலை கொடுத்து வாங்கியாயிற்று! மறுநாள் காலை, பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்த கையோடு ஆபீஸ் வாசலில் திருவிழாக் கூட்டம். அடுத்த ரதியாக வந்தவன் கங்காணி மகன் ராசு. ஆறடி உயரம், ஆட்டுக்கடா மீசை. மீசையை எடுடா என்றால் மாட்டேன் என்று சொல்லி, அதன் மேல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். தப்பு அடிக்கத் தொடங்கியதும் முந்தானை நழுவியது. "அய்யோ என் ராசா, என்னை விட்டுப் போனீரே!" என்று அவன் மார்பில் அறைந்துகொண்டு ஓர் அலறல் அலறினான் பாருங்கள், தொரையின் நாய் வராந்தாவின் ஒரு மூலையில் போய் உட்கார்ந்து தலையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஊளையிட ஆரம்பித்தது. ராசு அழ, நாய் அழ, பெண்கள் கொழுந்துக் கூடையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை சிரிப்பை அடக்கப் போய் வெற்றிலைச் சாறு மூக்கில் ஏறிவிட்டது.

தொரையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்பாடா, பிழைத்தோம் என்று நான் நினைத்தேன். அவர் என் தோளில் தட்டினார்.

"பிரமாதம்! இவரையே ரதியாக வைத்துக்கொள்ளும். முத்தையா நாளைக்குப் புறப்படட்டும்."

எனக்குச் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது. கூட்டம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. செல்லம்மா மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளே, இதை மனசில் வையுங்கள். முதலாளியிடம் போய் ஓர் ஆள் இல்லாமல் ஆகாது என்று சொன்னால், இல்லாமல் ஆக்கிக் காட்டத்தான் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

நான் போய் அவள் பக்கத்தில் குனிந்து நின்றேன். கடைசியில், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"செல்லம்மா, முத்தையா அங்க போனா என்னா கொற வரும்? வெவரமா சொல்லு."

"காப்புக் கட்டுனவங்க பொழுது சாஞ்சா எல்லைக்கு வெளிய இருக்கக் கூடாதுங்க. ராத்திரி இங்கதான் படுக்கணும். காமனச் சுத்தி வந்து கும்புடணும். எரிக்கிற அன்னிக்கு அவருதான் அழுவணும்."

"அப்ப பகல்ல?"

"பகல்ல எங்க வேணும்னாலும் போவட்டுங்க. அதுக்கு யாரு வேணாங்குறா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கம்பளைப் பக்கத்து டவுனில் வளர்ந்தவன் நான். கூத்தைத் தள்ளி நின்று பார்த்ததோடு சரி, காப்பின் விதியெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? எந்த வார்த்தையப் போடறதுன்னுதான யோசிச்சுக்கிட்டே இருந்தீங்க!"

நேரே தொரையின் அறைக்குள் போனேன். அவர் இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

"இன்றைக்கு என்ன சொல், கிளாக்கர்?"

"நெசசரி, சார். முத்தையா இரவில் இந்தத் தோட்டத்தின் எல்லைக்குள் தங்குவது."

"எதற்கு?"

சொன்னேன். காப்பைச் சொன்னேன், மூன்று வருஷ நேர்த்தியைச் சொன்னேன், வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறவளையும் அவள் வயிற்றையும் சொன்னேன். தொரையின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"அந்த மீசைக்காரர் போதாதா?"

"அவர் அழுதால் கூத்து நடக்கும் சார். முத்தையாவின் நேர்த்தி நடக்காது. நேர்த்திக்கு முத்தையா எசென்ஷியல். அவரை எடுத்துவிட்டால் அது வேறு ஒரு கூத்து."

இரண்டு சொல் போட்டுவிட்டேன்! சட்டப்படி அதுவே குற்றம். அவர் கவனிக்காத மாதிரி இருந்தார். நீலப் பென்சிலைக் காதில் இருந்து எடுத்து மேசையில் உருட்டினார்.

"பகலில் அவர்களுடைய லொறி வந்து ஏற்றிப் போகும். சாயந்தரம் அந்த லொறி தேயிலையோடு ஹட்டனுக்குப் போய்விடும். பஸ் கிடையாது. மலையைச் சுற்றி எப்படித் திரும்புவார்?"

நான் வாயைத் திறக்கவில்லை. சில நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பதும் நம் வேலையில் ஒரு பாதிதான். ஜன்னலுக்கு வெளியே அவருடைய ஜீப் நின்றது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஜீப்பைப் பார்த்தார்.

"யாராவது ஓட்டுவது நெசசரி ஆகிறது, இல்லையா?" என்று பெருமூச்சு விட்டார்.

அன்று முதல் எங்கள் தொரை சாயந்தரமானால் டென்னிஸை விட்டுவிட்டு மலையைச் சுற்றிப் போய் இஞ்சின்காரரை ஏற்றி வந்தார். பார்த்தவர்கள் நம்பவில்லை. முத்தையா முன் சீட்டில் முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்.

எரிக்கிற நாள் வந்தது. அன்று பார்த்து அந்த இஞ்சினில் பட்டி அறுந்துவிட்டது என்று தகவல். தொரை முன்னதாகவே புறப்பட்டார், என்னையும் ஏறச் சொன்னார். செல்லம்மா மூச்சிரைக்க ஓடி வந்து ஒரு மூட்டையை என் மடியில் வைத்தாள். பச்சைச் சேலை, பஜாரில் முஸ்லிம் நானா கடையில் வாங்கிய கண்ணாடி வளையல், அரிதாரம், சவுரி முடி.

"நேரமாயிருச்சுன்னா அங்கயே கட்டிவிட்டுக் கூட்டிட்டு வாங்க."

"நான் எப்படிம்மா சேலை கட்டிவிடறது?"

"ஒங்க வீட்டம்மா கட்டறதப் பாத்ததே இல்லயா?"

தொரை என்ன பேச்சு என்று கேட்டார். மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டேன். இஞ்சின் மறுபடி ஓடத் தொடங்கும்போது சூரியன் மலைக்குச் சற்று மேலே நின்றது. ஸ்டோரின் பின்பக்கத்து எண்ணெய் அறையில் கிளாக்கராகிய நான் கொசுவம் வைக்கிறேன். முத்தையா ஜீப்பில் இருந்து கழற்றிய கண்ணாடியைப் பார்த்து அரிதாரம் பூசுகிறார். தோட்டத்தையே ஆள்கிற தொரை வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று வேறு சொல்கிறார்! அந்த நேரம் பார்த்து அந்தத் தோட்டத்துத் தொரைசானி எட்டிப் பார்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

ஜீப் பறந்தது. வழியில் மலையில் நின்ற பெண்கள் கொழுந்துக் கூடையோடு கையைத் தூக்கிக் குலவை போட்டார்கள். ஒரு வயசான கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சலாம் தொரைசானி!" என்று முத்தையாவுக்குக் கும்பிடு போட்டார். முத்தையா வெட்கத்தோடு முந்தானையை இழுத்து மூடினார். அது இன்னும் வினையாகப் போயிற்று. பிறகு கிளப்பில், ஜீப்பில் போன அந்தப் பச்சைச் சேலைப் பெண்மணி யார் என்று சக தொரைமார் எங்கள் தொரையைத் துளைத்திருக்கிறார்கள். அவர் சொன்ன பதில் ஒரே ஒரு சொல்லாம்: இண்டிஸ்பென்சபிள். பட்லர் வந்து என்னிடம் அதைச் சொன்னபோது நான் சிரித்துச் சிரித்து நாற்காலியில் இருந்து விழப் பார்த்தேன்.

எங்கள் தோட்டத்து எல்லை ஒரு சின்ன ஓடைப் பாலம். அங்கே லயமே திரண்டு நின்றது, முன்னால் செல்லம்மா. வெயில் மலை உச்சியில் ஒரு கீற்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஜீப் பாலத்தைத் தாண்டி நின்றதும் தப்பு முழங்கியது. முத்தையா இறங்கினார். என் கொசுவம் பாதி வழியிலேயே கழன்றுவிட்டது, கன்னத்தில் அரிதாரத்தோடு இஞ்சின் எண்ணெய். செல்லம்மா அவரை மேலும் கீழும் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள். பிறகு தொரையின் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தொரை, நீங்க நல்லா இருக்கணும்."

தொரை என் பக்கம் திரும்பினார். என்னிடம் ஏழெட்டுச் சொல் இருந்ததே, ஒன்றாவது பொருந்தியதா? ஒன்றுமில்லை. கையில் அகப்பட்டதைச் சொன்னேன்.

"நீங்கள் நன்றாக இருப்பது நெசசரி என்கிறாள், சார்."

பழக்க தோஷம், மனுஷனுக்கு உடனே வந்துவிட்டது. "எதற்கு?"

அதை நான் அப்படியே தமிழில் அவளிடம் கேட்டேன். செல்லம்மா என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"எதுக்குன்னா? சும்மா, நல்லா இருக்கணும். அதுக்குக்கூடக் காரணம் கேப்பாங்களா?"

திருப்பிச் சொன்னேன். தொரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டம் காமன் பொட்டலுக்கு ஏறிப் போகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

வைகாசி கழிந்து ஒரு காலையில் முத்தையா ஆபீஸுக்கு ஓடி வந்தார். பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். அவருக்கு லீவுத் துண்டு எழுதினேன். 'மனைவிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, லீவு கேட்கிறார்' என்று எழுதிவிட்டு, வேறு எந்தச் சொல்லும் போடாமல் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். தொரை படித்தார். வழக்கமாகச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமையாக இருந்ததைப் பார்த்தார். கேள்வி கேட்கப்போகிறார் என்று நான் தயாராக நின்றேன்.

அவர் நீலப் பென்சிலை எடுத்து, நான் விட்டிருந்த இடத்தில் தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். வெளியே வந்துதான் படித்தேன். மோஸ்ட் அர்ஜென்ட்.